பித்தப்பையை எடுத்துவிட்டால் செரிமானம் நின்றுவிடுமா?

தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த 44 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கடந்த எட்டு மாதங்களில் அவருக்கு மூன்று முறை மேல்வயிற்றில் கடும் வலி வந்திருக்கிறது. முதல் இரண்டு முறையும் வாயுப் பிடிப்பு என்று எண்ணி, ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்து, மருந்துக்கடையில் அசிடிட்டி மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்திருக்கிறார். மூன்றாவது முறை, ஒரு திருமண வரவேற்பில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த இரவில், நெஞ்சுக்குழியில் தொடங்கிய வலி வலது விலாவுக்கு அடியில் நிலைகொண்டு, முதுகு வழியாகத் தோள்பட்டை வரை பரவி, மூன்று மணி நேரம் விடாமல் இருந்திருக்கிறது. இரண்டு முறை வாந்தியும் வந்திருக்கிறது. மாரடைப்போ என்ற அச்சத்தில் மருத்துவமனைக்குச் சென்றபோது ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. மறுநாள் எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள் இருப்பதும், அவற்றில் பெரியது 11 மில்லிமீட்டர் என்பதும் தெரியவந்தன. பித்தப்பையின் சுவர் தடிக்கவில்லை, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தின் அகலம் 4 மில்லிமீட்டர், கல்லீரல் பரிசோதனைகள் இயல்பு, முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரல் என்று அறிக்கை சொல்கிறது. பித்தப்பையை, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையில் எடுத்துவிடலாம் என்று அறுவை சிகிச்சை மருத்துவர் கூறியிருக்கிறார்.

அங்கிருந்துதான் குழப்பம் தொடங்கியிருக்கிறது. பித்தப்பை இல்லாவிட்டால் எதுவும் செரிக்காது, பித்தம் தலைக்கேறிவிடும் என்று மாமியார் அஞ்சுகிறார். ஆப்பிள் சாறும் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் கற்கள் மலத்தோடு வெளியேறிவிடும் என்று தம்பி ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். உடன் பணிபுரியும் ஒருவர் வாழைத்தண்டுச் சாற்றைப் பரிந்துரைக்கிறார். இன்னொருவர், எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை மட்டும் எடுக்கலாமே என்கிறார். வாசகியோ இரண்டு மாதங்களாக எண்ணெய், நெய், தேங்காய், முட்டை அனைத்தையும் விட்டு, இட்லியும் ரசம் சாதமும் மட்டுமே உண்டு, ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறார். மகளுக்கு மார்ச் மாதத்தில் பிளஸ் 2 பொதுத்தேர்வு. ஆகவே அறுவை சிகிச்சையை மே விடுமுறைக்குத் தள்ளலாமா என்று கேட்கிறார். 52 வயது அக்காவுக்கும் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பித்தக்கல் தெரிந்ததாம், ஆனால் வலி எதுவும் இல்லை. அவரும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஸ்கேன் அறிக்கையையும் வலியைப் பற்றி நீங்கள் எழுதியதையும் சேர்த்துப் பார்க்கும்போது, மூன்றாவது முறை வந்தது பித்தப்பை வலி என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் இரண்டும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும். வாயுத் தொல்லையால் வரும் அசௌகரியம் இடம் மாறும். ஏப்பம் விட்டாலோ காற்றுப் பிரிந்தாலோ குறையும். பித்தப்பை வலி அப்படியல்ல. பெரும்பாலும் கொழுப்பு மிகுந்த உணவு உண்ட சில மணி நேரத்துக்குள், பலருக்கு நள்ளிரவில், மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்திலோ தொடங்கி, ஏறிய பிறகு ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, அரை மணி முதல் சில மணி நேரம் வரை நீடித்து, பிறகு தானாகவே விலகும். பித்தப்பையின் கழுத்தில் ஒரு கல் வந்து அடைத்துக்கொள்ளும்போது வலி தொடங்குகிறது; அந்தக் கல் மீண்டும் உள்ளே உருண்டுவிட்டால் வலி நின்றுவிடுகிறது. அப்போது கடைசியாக எதைக் குடித்தோமோ அதுதான் குணப்படுத்தியது என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. உங்கள் ஓமத் தண்ணீருக்கு அந்தப் பெயர் கிடைத்தது அப்படித்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அன்றிரவு மாரடைப்பாக இருக்குமோ என்று மருத்துவமனைக்கு ஓடியது முழுக்கச் சரியான முடிவு. மேல்வயிற்று வலியாகவே மாரடைப்பு வருவதும் உண்டு. 40 வயதைத் தாண்டிய எவரும் அத்தகைய வலியை வீட்டிலேயே வாயு என்று தீர்மானித்துக்கொள்ளக் கூடாது.

உணவு செரிக்கும் பாதையில் பித்தப்பையின் இடம்

உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே அச்சத்திலிருந்து வருகின்றன: பித்தப்பைதான் பித்தநீரைச் சுரக்கிறது, பித்தநீர்தான் உணவைச் செரிக்க வைக்கிறது, ஆகவே பை போனால் செரிமானமும் போகும் என்ற அச்சம். அந்த விருந்தில் நீங்கள் உண்ட பிரியாணியைப் பின்தொடர்ந்து போனால் இது எங்கே பிழைபடுகிறது என்பது விளங்கும்.

அரிசியின் மாவுச்சத்தை உடைக்கும் வேலை வாயிலேயே, உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதியால் தொடங்கிவிடுகிறது. விழுங்கிய கவளம் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலைச் சில நொடிகளில் கடந்து இரைப்பைக்குள் வருகிறது. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் நொதியும் இறைச்சியின் புரதத்தைச் சிதைக்கத் தொடங்க, இரைப்பையின் தசைகள் உணவைப் பிசைந்து கூழாக்கி, சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் அனுப்புகின்றன. கொழுப்பு அதிகமான உணவு இரைப்பையை விட்டு முழுவதுமாக வெளியேற நான்கு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இதுவரை நடந்த எதிலும் பித்தநீருக்கு வேலையில்லை என்பதைக் கவனியுங்கள். இதற்குப் பிறகும் மாவுச்சத்தையும் புரதத்தையும் முடித்துவைப்பவை கணையநீரும் சிறுகுடல் சுவரின் நொதிகளும்தாம்.

பித்தநீர் தேவைப்படுவது கொழுப்புக்கு. கொழுப்புள்ள கூழ் முன்சிறுகுடலைத் தொட்டதும், அதன் சுவரில் இருக்கும் சில செல்கள் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. இந்த ஒரே ஹார்மோன் பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது. கணையத்தை நொதிகள் சுரக்கத் தூண்டுகிறது. பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் காவலாக நிற்கும் சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது. வந்து சேரும் பித்தநீரில் செரிமான நொதி எதுவும் கிடையாது. அதில் உள்ள பித்த உப்புகள், நீரில் கரையாத கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாகப் பிரித்துக் கொடுக்கின்றன. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் நொதி அந்தத் துளிகளை உடைக்கிறது. உடைந்தவற்றையும், கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் குடல் சுவரின் உறிஞ்சிகள் வரை கொண்டுசேர்ப்பதும் பித்த உப்புகளின் வேலைதான். வேலை முடிந்த பிறகு அவை வீணாவதில்லை. ஏறக்குறைய 95 சதவீதம் பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, இரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திரும்புகிறது. நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் பித்த உப்புகளின் மொத்த எடை சில கிராம்தான். அந்தச் சில கிராமே ஒவ்வொரு நாளும் பலமுறை இந்தச் சுற்றில் வந்து, நாம் உண்ணும் கொழுப்பு முழுவதையும் கையாள்கிறது. மனித உடலில் எனக்கு இன்றும் வியப்பளிக்கும் ஏற்பாடுகளில் இது ஒன்று.

இந்தப் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 1000 மில்லிலிட்டர் வரை, இரவும் பகலும் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே. நாம் உண்ணாத நேரத்தில் வரும் பித்தநீரில் ஒரு பகுதியை வாங்கி, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிச் செறிவாக்கி, அடுத்த வேளை உணவு வரும்வரை வைத்திருப்பதே அதன் பணி. ஊறிக்கொண்டே இருக்கும் கிணறு கல்லீரல் என்றால், பக்கத்தில் கட்டிய சிறு தொட்டி பித்தப்பை. தொட்டியை இடித்தாலும் கிணறு ஊறுவது நிற்காது, தண்ணீர் நேராக வாய்க்காலுக்குப் போகும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடப்பதும் அதுவே. பித்தநீர் கல்லீரலிலிருந்து பொதுப் பித்தநாளம் வழியாக நேரே முன்சிறுகுடலுக்குச் செல்லும். உண்ணும் நேரத்தில் மொத்தமாகப் பாய்வதற்குப் பதிலாக, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வழக்கமான வீட்டுச் சாப்பாட்டின் கொழுப்பைச் செரிக்க அது போதும். குதிரைக்கும் யானைக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை இல்லை. மனிதரில் முதல் பித்தப்பை நீக்க அறுவை சிகிச்சையை 1882 ஜூலையில் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர் செய்தார்; அதன் பிறகு இத்தனை தலைமுறைகளாகப் பித்தப்பை இல்லாமல் முழு ஆயுள் வாழ்ந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். உங்கள் மாமியாரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்: பித்தநீருக்கு உடலில் இருக்கும் ஒரே இயல்பான பாதை கல்லீரலிலிருந்து குடலுக்குப் போவதுதான். பையை எடுப்பதால் அந்தப் பாதை மாறுவதில்லை. பித்தநீர் இரத்தத்தில் கலந்து மஞ்சள் காமாலை வருவது, கல் ஒன்று நழுவி அந்தப் பாதையை அடைக்கும்போதுதான். அவர் அஞ்சும் நிலைக்கு வாய்ப்பைக் கொடுப்பது அறுவை சிகிச்சை அல்ல, இப்போது உள்ளே இருக்கும் கற்கள்.

கல்லை மட்டும் எடுக்க முடியாதா?

முடியும், ஆனால் பயனில்லை. பித்தநீரில் கொலஸ்டிராலும் பிலிருபின் என்ற நிறமியும் பித்த உப்புகளும் ஒரு சமநிலையில் கரைந்திருக்கின்றன. அந்தச் சமநிலை குலைவதும், பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாகாமல் இருப்பதும் சேர்ந்துதான் கற்களை உருவாக்குகின்றன. கல்லை எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால், அதே பையில் மறுபடியும் கல் வரும். பித்தப்பையை அகற்றுவது அதில் கல் இருப்பதற்காக அல்ல, அது கல்லை உண்டாக்குகிறது என்பதற்காக என்று லாங்கன்பூக் அன்றே வாதிட்டார்.

எண்டோஸ்கோப்பி பற்றி உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஈ.ஆர்.சி.பி. என்ற முறையில், வாய்வழியே செலுத்தும் குழாயின் துணையோடு பித்தநாளத்தில் சிக்கிய கல்லை எடுக்க முடியும். பித்தப்பைக்குள் இருக்கும் கற்களை அவ்வாறு எடுப்பது வழக்கமில்லை. உங்கள் நாளம் 4 மில்லிமீட்டர் அகலத்தில் இயல்பாக இருக்கிறது, கல்லீரல் பரிசோதனைகளும் சரியாக உள்ளன. ஆகவே இன்றைய நிலையில் உங்களுக்கு ஈ.ஆர்.சி.பி. தேவையில்லை.

கல்லைக் கரைக்கும் மாத்திரை உண்டா என்றால், உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் அது சுண்ணாம்பு படியாத, சிறிய, கொலஸ்டிரால் கற்களை மட்டுமே, அதுவும் பித்தப்பை நன்றாக இயங்கும்போது மட்டுமே, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் சாப்பிட்டால் ஓரளவு கரைக்கக்கூடும். மருந்தை நிறுத்திய ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கற்கள் திரும்ப வந்துவிடுகின்றன. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன. அவற்றை இந்த மருந்து கரைக்காது. 11 மில்லிமீட்டர் கல்லுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வாழைத்தண்டு நல்ல உணவு. பொரியலாகவோ கூட்டாகவோ தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்பட்டுவரும் வீட்டு மருந்து. சிறுநீரகத்துக்கும் பித்தப்பைக்கும் எந்த இணைப்பும் கிடையாது. கற்களின் பொருளும் வேறு. நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் இறங்குவதுபோலப் பித்தக்கல் இறங்காது. நீங்கள் கவலைப்பட்டதுபோல, தக்காளி விதை தின்றதாலும் இது வந்ததில்லை.

தம்பி அனுப்பிய காணொளியைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். அந்த முறையில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் பெருமளவு குடித்த மறுநாள், பச்சை நிறத்தில் உருண்டை உருண்டையாக மலத்தில் வெளிவருவது உண்மைதான். அதைப் பார்ப்பவர்கள் நம்பிவிடுவதிலும் வியப்பில்லை. ஒரு பெண்ணுக்கு வெளிவந்த அத்தகைய உருண்டைகளைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்து 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். அவை பித்தக்கற்களே அல்ல. குடித்த எண்ணெய் குடலில் சிதைந்து உருவான சோப்புக் கட்டிகள். அந்தப் பெண்ணுக்கு உண்மையான கற்கள் பித்தப்பைக்குள்ளேயே இருந்தன, பிறகு அறுவை சிகிச்சையில்தான் அகற்றப்பட்டன. பயனில்லை என்பதோடு இது முடிந்துவிடவில்லை. மேலே விளக்கியதை நினைத்துப் பாருங்கள்: இவ்வளவு எண்ணெய் ஒரே நேரத்தில் முன்சிறுகுடலுக்கு வந்தால், பித்தப்பை முழு வலிமையோடு சுருங்கும். பிரியாணி செய்ததை அதைவிடப் பன்மடங்காக இது செய்யும். அப்போது ஒரு சிறு கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்தால் காமாலையும், கணையநாளத்தின் வாயிலை அடைத்தால் கணைய அழற்சியும் வரக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பட்டினிபோல் உண்பதை இன்றே மாற்றுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது, இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன் என்று நீங்கள் சற்று நிம்மதியோடு எழுதிய வரிதான். நல்லெண்ணத்தில் செய்தீர்கள். ஆனால் வேகமாக எடை குறையும்போது உடலின் கொழுப்பிலிருந்து வெளிப்படும் கொலஸ்டிரால் பித்தநீருக்குள் அதிகமாக வந்து சேர்கிறது. கொழுப்பே இல்லாத உணவு வந்தால் கொலிசிஸ்டோகைனின் போதிய அளவு சுரக்காது. பித்தப்பை சுருங்காமல் பித்தநீர் உள்ளேயே தேங்கும். இரண்டும் சேர்ந்து புதிய கற்களுக்கு வழி வகுக்கும். அதோடு, அறுவை சிகிச்சைக்குப் போகும் உடலுக்குப் புரதம் தேவை. இட்லியிலும் ரசம் சாதத்திலும் அது போதாது.

அறுவை சிகிச்சை வரை பொரித்தவை, பிரியாணி, பரோட்டா, நெய் ஊறும் இனிப்புகள், தேங்காய்ப்பால் குழம்புகள் ஆகியவற்றைத் தவிருங்கள். பருப்பு, சுண்டல், மோர், வேகவைத்த மீன், முட்டையின் வெள்ளைக் கரு, காய்கறி இவற்றைச் சேருங்கள். தாளிப்புக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் இருக்கலாம். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். நீண்ட விரதங்களை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஒருபோதும் ஒரே வேளையில் வயிறு முட்ட உண்ணாதீர்கள்.

எதனால் எனக்கு வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெண்ணாக இருப்பது, 40 வயதைத் தாண்டியது, குழந்தை பெற்றது, உடல் எடை, குடும்பத்தில் பிறருக்கு இருப்பது என்று பல காரணங்கள் சேர்கின்றன. ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்டிராலின் அளவைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் சுருக்கத்தை மந்தமாக்குகிறது. ஆகவே உங்கள் சமையலையோ உங்களையோ குற்றம் சொல்லிக்கொள்ள இதில் இடமில்லை.

மே மாதம் வரை பொறுக்கலாமா?

இது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. நான் எடைபோட உதவ மட்டுமே முடியும். உங்களுக்கு இப்போது அழற்சி இல்லை, அடைப்பு இல்லை, ஆகவே நாளைக்கே செய்தாக வேண்டிய அவசரம் இல்லை. மறுபுறம், வலி வரத் தொடங்கிய பித்தப்பை மீண்டும் வலி தரும் வாய்ப்பு மிக அதிகம். எட்டு மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டது. அடுத்த முறை கல் உள்ளே உருண்டு வழிவிடாமல் அங்கேயே இறுகிவிட்டால் பித்தப்பை அழற்சி ஏற்படும். வீங்கிச் சிவந்த பித்தப்பையில் செய்யும் அறுவை சிகிச்சை கடினமானது; லேப்பராஸ்கோப்பியில் தொடங்கி வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டிய தேவையும், நாளங்களில் காயம் படும் அபாயமும் அப்போது கூடுகின்றன.

திட்டமிட்டுச் செய்யும்போது பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான வேலைகளுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே மகளின் தேர்வை நினைத்தே முடிவெடுப்பதென்றால், வரும் சில வாரங்களுக்குள் செய்துகொள்வதே அவளுக்கும் நல்லது என்பது என் கருத்து. தேர்வு நடக்கும் வாரத்தில் நள்ளிரவில் நீங்கள் அவசரப் பிரிவில் இருக்க நேர்வதைவிட, பிப்ரவரிக்குள் உடல் தேறி அவளோடு இருப்பது மேல். இருந்தும் நீங்கள் மே மாதத்தையே தேர்ந்தெடுத்தால் அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்; ஆனால் பின்வரும் அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்வது என்ற உறுதியோடு காத்திருங்கள்.

• ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் விலகாத வலி, அல்லது வலியோடு காய்ச்சல்.
• கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது, மலம் வெளுத்துப்போவது, உடலெங்கும் அரிப்பு.
• குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் மஞ்சள் நிறமும் சேர்ந்து வருவது. இது பித்தநாளத்தில் கிருமித்தொற்று. சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து.
• முதுகைத் துளைப்பதுபோன்ற கடும் வலியும் அடங்காத வாந்தியும். இது கணைய அழற்சியாக இருக்கலாம்.

உங்களைப் போலக் கல் இருப்பவருக்குக் காமாலை வந்தால், கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாட்களைக் கடத்தவே கூடாது. அது பாதை அடைபட்டதால் வரும் காமாலை. அடைப்பை நீக்கினால் மட்டுமே தீரும்.

அறுவை சிகிச்சையின் அபாயங்களும் உங்கள் உரிமையும்

1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதன்முதலாகச் செய்த லேப்பராஸ்கோப்பி முறை, இன்று உலகெங்கும் பித்தப்பை நீக்கத்துக்கு வழக்கமான முறையாகிவிட்டது. முழு மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கரியமில வாயுவால் சற்று உப்பவைத்து, பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் வழியாகச் செய்கிறார்கள். அந்த வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். பழைய வலி திரும்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரல் இதற்குத் தடையல்ல.

அபாயமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரத்தக் கசிவு, கிருமித்தொற்று, பித்தநீர்க் கசிவு ஆகியவை சிலருக்கு ஏற்படுகின்றன. மிகவும் அஞ்ச வேண்டியது, பொதுப் பித்தநாளத்தில் தவறுதலாக ஏற்படும் காயம். ஆயிரம் பேரில் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது நேர்கிறது. அரிதானாலும் நேர்ந்தால் மீண்டும் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆகவே உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இத்தகைய அறுவை சிகிச்சையை அவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார், திறந்த அறுவை சிகிச்சைக்கு மாற நேர்ந்தால் எந்த நிலையில் மாறுவார், நாளத்தில் கல் இருப்பதாக ஐயம் வந்தால் பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனுக்கும் ஈ.ஆர்.சி.பி.க்கும் அங்கேயே வசதி உண்டா. இவற்றைக் கேட்பது அவமரியாதை ஆகாது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள், செய்யாவிட்டால் விளையக்கூடியவை ஆகியவற்றைச் சொல்லி, நோயாளி புரிந்துகொண்டு தரும் ஒப்புதலே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஒப்புதல் படிவத்தைக் கணவரிடம் மட்டும் நீட்டிக் கையெழுத்து வாங்குவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. உடல் உங்களுடையது, நீங்கள் படித்து, நீங்கள் கையெழுத்திடுங்கள். எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த அறிக்கையை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எது தீரும், எது தீராமல் போகலாம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அந்த இரவில் வந்ததுபோன்ற வலி ஏறக்குறைய நிச்சயமாக நின்றுவிடும். ஆனால் நீங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லும் வயிற்று உப்பசமும் ஏப்பமும் நெஞ்செரிச்சலும் பித்தக்கல்லால் வந்தவையாக இல்லாமல் இருக்கலாம். அவை அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்தால், அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை, அவற்றுக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டும். சுமார் பத்தில் ஒருவருக்குச் சில வாரங்கள் மலம் இளகிப் போகும். தேக்கிவைக்கப் பை இல்லாததால் பித்த உப்புகளில் கூடுதலான பங்கு பெருங்குடலை எட்டி அதைத் தூண்டுவதே காரணம். பெரும்பாலோருக்கு அது தானே சரியாகும். நீடித்தால் கொலஸ்டிரமின் போன்ற மருந்து இருக்கிறது. முதல் மாதம் எண்ணெயை மிதமாக வைத்து, பிறகு படிப்படியாக எல்லோரும் உண்ணும் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். ஆயுள் முழுவதும் பத்தியம் தேவையில்லை.

உங்கள் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அவருக்குக் கல் இருக்கிறது, வலி இல்லை. இத்தகையோரில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் தொல்லை வருவதே இல்லை. ஆண்டுக்கு நூற்றில் இரண்டு பேர் அளவுக்குத்தான் அறிகுறிகள் தோன்றுகின்றன. ஆகவே கல் இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதில்லை, மாத்திரையும் தேவையில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்புப் படிவு, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சதை வளர்ச்சி, சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் பரம்பரை இரத்த நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டும் புற்றுநோய் வாய்ப்பையோ பிற சிக்கல்களையோ கருதி நாங்கள் வேறுவிதமாக யோசிப்போம். அவருடைய ஸ்கேன் அறிக்கையில் இவை இருக்கின்றனவா என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், நான் மேலே எழுதிய வலியின் தன்மையையும் ஆபத்து அறிகுறிகளையும் அவர் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.